படகு இன்ஜினைக் காப்பாற்றும் ஜிங்க் துண்டு... தோற்றுப்போன ஹம்ப்ரி டேவி ஜெயித்த கதை!

பழவேற்காட்டுக்குப் போனால் என்னவெல்லாம் பார்க்கலாம்? பூநாரை சீசன் என்றால் பறவைகள். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள். இறால், நண்டு சாப்பாடு. எல்லோரும் பார்ப்பது இதுதான். அடுத்த முறை போகும்போது இன்னொன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கும் படகுகளில் அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய படகு ஒன்றைத் தேடுங்கள். இன்ஜினின் கால் பகுதியில், புரொபெல்லருக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு உலோகத் துண்டு இருக்கும். எலி கடித்த சோப்புக்கட்டி மாதிரி குழி குழியாக அரித்துப் போயிருக்கும்.

பார்த்ததும் பாவமாக இருக்கும். இன்ஜின் இப்படி வீணாகப் போகிறதே என்றுகூடத் தோன்றும். உண்மையில் அந்தத் துண்டு அரிக்கிறது என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்குகள் அதை ஜிங்க் என்பார்கள். நம் பாடப்புத்தகத்தில் துத்தநாகம். இன்ஜினுக்குப் பதிலாகத் தன்னைக் கடலுக்குத் தின்னக் கொடுப்பதுதான் அதன் ஒரே வேலை.

இந்த யோசனைக்கு வயது 200. சொன்னவர் ஹம்ப்ரி டேவி. பள்ளிக்கூடத்தில் படித்த அதே டேவிதான், சுரங்க விளக்கு கண்டுபிடித்தவர். விளக்கு அவருக்குப் பெரும் புகழைக் கொடுத்தது. ஜிங்க் துண்டோ அவரை ஊர் சிரிக்க வைத்தது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கடலோரத்துப் பையன்

டேவி பிறந்தது 1778 டிசம்பர் 17-ல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் பென்சான்ஸ் என்ற ஊரில். அதுவும் கடலோர ஊர்தான். மீன்பிடித் தொழிலும் சுரங்கத் தொழிலும் நடந்த பகுதி. அப்பா ராபர்ட், மரத்தில் சிற்ப வேலை செய்பவர். 1794-ல் அவர் இறந்துபோனார். குடும்பத்துக்கு மிஞ்சியது கடன்தான். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் ஹம்ப்ரி. வயது 16கூட ஆகவில்லை.

அடுத்த வருடமே உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சியாளாகச் சேர்த்துவிட்டார்கள். மருந்து அரைப்பது, கலப்பது, கட்டிக் கொடுப்பது எல்லாம் வேலை. கல்லூரிப் பக்கமே போகாத இந்தப் பையன், பிரெஞ்சு விஞ்ஞானி லவாசியேயின் வேதியியல் புத்தகத்தைத் தானாகவே படித்தார். கையில் கிடைத்த பாத்திரம், குழாய், மருந்துச் சீசா எல்லாவற்றையும் வைத்து சோதனை செய்து பார்த்தார்.

1798-ல் பிரிஸ்டல் நகரில், வாயுக்களை முகர வைத்து நோயைக் குணப்படுத்த முடியுமா என்று ஆராய்ந்த ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே சிரிப்பூட்டும் வாயுவை, அதாவது நைட்ரஸ் ஆக்சைடை, தானே முகர்ந்து தானே குறிப்பெழுதினார். கார்பன் மோனாக்சைடையும் முகர்ந்து பார்த்து, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார் மனுஷன்! சிரிப்பூட்டும் வாயு வலியைப் போக்குகிறது, அறுவை சிகிச்சையில் பயன்படலாம் என்று 1800-லேயே புத்தகத்தில் எழுதியும் வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. பல் பிடுங்கும்போது அதைப் பயன்படுத்த ஆரம்பித்ததற்கே 40 வருடங்களுக்கு மேல் ஆனது. சொன்னது சரியாக இருந்தும் காலம் கடந்து பலிப்பது டேவிக்கு அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கரன்ட்டில் பிறந்த உலோகங்கள்

1801-ல் லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்தது. குதிரை வண்டிகள் நெருக்கியதால்தான் அந்தத் தெருவை ஒருவழிப் பாதையாக்கினார்கள் என்று இன்றும் லண்டனில் சொல்வார்கள்.

பேட்டரி அப்போதுதான் வந்திருந்த புதுப் பொருள். இத்தாலியின் வோல்டா 1800-ல் உலகத்துக்குச் சொன்னது. இரண்டு விதமான உலோகங்களை உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையோடு மாற்றி மாற்றி அடுக்கினால் மின்சாரம் வரும். டேவி அதைப் பெரிதாகச் செய்து, உருக்கிய பொருட்களுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினார். 1807 அக்டோபரில் பொட்டாசியம் கிடைத்தது. சில நாட்களில் சோடியம். 1808-ல் கால்சியம், மக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்சியம். பொட்டாசியத்தின் முதல் துளிகளைப் பார்த்ததும் ஆய்வகத்திலேயே துள்ளிக் குதித்தாராம்.

படிகாரத்துக்குள்ளும் ஒரு உலோகம் ஒளிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எவ்வளவோ முயன்றும் பிரிக்க முடியவில்லை. ஆனால், பிரிப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார். அதுதான் இன்று நம் இட்லிப் பானை முதல் இன்ஜின் வரை எங்கும் இருக்கும் அலுமினியம். டென்மார்க்கின் எர்ஸ்டெட் 1825-ல் தான் அதைப் பிரித்தெடுத்தார்.

மக்னீசியம், அலுமினியம் இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பழவேற்காட்டுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

1812-ல் டேவிக்கு சர் பட்டம். 1813-ல், புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த ஓர் ஏழை இளைஞரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே. இந்த இருவர் உறவு பின்னால் கசந்தது. அதற்கும் வருவோம்.

1812-ல் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் செத்துப்போனார்கள். விளக்குத் தீயில் சுரங்க வாயு பற்றிக்கொள்வதுதான் இதுபோன்ற விபத்துகளுக்குக் காரணம். 1815-ல் டேவி, சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை போட்ட விளக்கைச் செய்தார். வலை சூட்டை இழுத்துக்கொள்ளும். தீ வெளியே தாவாது. இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் பெரும் பணக்காரர் ஆகியிருப்பார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். இங்கிலாந்து விஞ்ஞானத்தில் அதற்கு மேல் நாற்காலி கிடையாது.

கப்பலைத் தின்ற கடல்

இப்போது கடலுக்கு வருவோம். டச்சுக்காரர்கள் 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய காலத்திலிருந்தே மரக்கப்பல்களுக்கு ஒரு எதிரி உண்டு. கப்பல் புழு! மரத்தைத் துளைத்து உள்ளேயே குடித்தனம் நடத்தும். கூடவே பாசியும் கொட்டலசும் அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைக்கும். இதற்காக இங்கிலாந்துக் கடற்படை 18-ம் நூற்றாண்டில் கப்பலின் அடிப்பகுதி முழுக்கச் செம்புத் தகடு அடித்தது. புழு நின்றது. பாசியும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் செம்பு விலை உயர்ந்த பொருள். அது கடலில் கரைந்துகொண்டே போனது. எப்படித் தடுப்பது என்று 1823-ல் கடற்படை ராயல் சொசைட்டியிடம் கேட்டது. டேவி அதைத் தன் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய யோசனை எளிமையானது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு இருந்தால் அதுவே ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் ஒரு உலோகம் கரையும். இன்னொன்று பிழைக்கும். எது சுலபமாக எலெக்ட்ரானைக் கொடுக்குமோ அதுதான் கரையும் என்று இன்று நாம் சொல்கிறோம். எலெக்ட்ரான் என்ற பெயரே இல்லாத காலத்தில் டேவி இதைப் பிடித்துவிட்டார். செம்போடு துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்துவிட்டால் அது கரையும், செம்பு பிழைக்கும். அதுவும் எவ்வளவு துண்டு? பட்டாணி அளவுத் துத்தநாகம், 40, 50 சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியது!

1824 ஜனவரியில் ராயல் சொசைட்டியில் இதை அறிவித்தார். இந்த வேலையில் அவருக்கு உதவியவர் ஃபாரடே. ஆனால் அதே ஜனவரியில் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்வானபோது, அதை எதிர்த்தவர் வேறு யாருமில்லை, தலைவர் டேவியேதான். தான் கைதூக்கிவிட்டவர் தன்னைத் தாண்டிப் போகிறார் என்ற பொறாமை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். பெரிய மனிதர்தான். ஆனாலும் மனிதர்.

காப்புத் துண்டு மாட்டிய கடற்படைக் கப்பல்களில் முதன்மையானது சமராங். இந்தக் கப்பலுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. அது நம் பக்கத்துக் கொச்சியில், தேக்கு மரத்தில் கட்டி, 1822-ல் கடலில் இறக்கிய கப்பல். செம்பு அடித்த அதன் அடியில் இரும்புத் துண்டுகளைப் பொருத்தி அட்லாண்டிக்குக்கு அனுப்பினார்கள். செம்பு கரைவது அப்படியே குறைந்தது. டேவி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சரியாகச் சொன்னவர் தோற்றது எப்படி?

இங்கேதான் ட்விஸ்ட். அடுத்தடுத்து பல கப்பல்களில் துண்டுகளை மாட்டினார்கள். செம்பு பிழைத்தது. ஆனால் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டன. வேகம் விழுந்தது. காரணம் தெரியுமா? செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சாகக் கசிந்ததால்தான் அதுவரை பாசி அண்டவில்லை. டேவி செம்பைக் காப்பாற்றினார். அதனாலேயே கப்பலின் காவல் போனது.

1825-ல், கடலோடும் கப்பல்களிலிருந்து துண்டுகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பத்திரிகைகள் கிண்டலடித்தன. சுரங்க விளக்கால் உச்சத்துக்குப் போனவர், நாடே பார்க்கத் தலைகுனிந்தார். 1826 கடைசியில் பக்கவாதம் தாக்கியது. 1827-ல் தலைவர் பதவியை விட்டார். உடம்பு தேற வேண்டும் என்று ஐரோப்பா முழுக்க அலைந்தார். அந்த நாட்களில் அவருக்கு ஆறுதலாக இருந்தது தூண்டில்தான். சின்ன வயதிலிருந்தே மீன்பிடிப் பைத்தியம். 1828-ல் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி சால்மோனியா என்று ஒரு புத்தகமே எழுதினார். 1829 மே 29-ல் ஜெனிவாவில் இறந்தார். 50 வயதுதான். உடலை அங்கேயே புதைத்தார்கள். தன் ஜிங்க் யோசனையை உலகம் ஒருநாள் எடுத்துக்கொள்ளும் என்பதைப் பார்க்க அவர் இல்லை.

ஸ்போர்ட்ஸ் காரும் ஃபைபர் போட்டும்

மரக்கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்ததும் கணக்கு மாறியது. இரும்பு கரைவதால் யாருக்கும் லாபமில்லை. பாசிக்குத் தனியாகப் பெயின்ட் வந்தது. அரிப்புக்குத் தனியாக டேவியின் துண்டு. 1824-ல் ஒரே தகட்டிடம் கேட்ட இரண்டு வேலைகளையும் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. இன்று கப்பல், துறைமுகத் தூண், கடலுக்கடியில் போகும் குழாய் என எல்லாவற்றிலும் அந்தத் துண்டு இருக்கிறது. நம் காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடலோரத்தில் உலோகங்களை வெயிலிலும் உப்பிலும் வைத்து ஆராய்ந்ததும் இதே அரிப்பு விஷயத்துக்காகத்தான்.

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகும்போது சோழவரத்தைத் தாண்டித்தான் போவீர்கள். இரண்டாம் உலகப்போர் கால ஓடுதளத்தில் ஒரு காலத்தில் கார் ரேஸ் பறந்த ஊர் அது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை இன்று யாராவது புதுப்பிக்க எடுத்தால், பானட்டைத் திறந்ததும் பார்ப்பது படகுக்காரர் பார்க்கும் அதே காட்சிதான். அலுமினிய ஹெட்டில் இரும்பு போல்ட் இறுகிப் போயிருக்கும். சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். 1970-களின் போர்ஷே 911 கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜின் கூடு மக்னீசியக் கலவை. அது இன்னும் சீக்கிரம் அரிக்கும். இரண்டு உலோகம், நடுவில் ஈரம், கொஞ்சம் உப்பு. டேவி சொன்ன அதே பேட்டரி.

ஒரே வித்தியாசம், கார் வைத்திருப்பவருக்கு அது ஆசை. கோட்டைக்குப்பத்திலோ லைட்ஹவுஸ் குப்பத்திலோ ஃபைபர் போட்டு வைத்திருப்பவருக்கு அது சோறு. இன்ஜின் படுத்தால் அன்றைக்குத் தொழில் இல்லை. கடலுக்குள் போன பிறகு படுத்தால் உயிருக்கே ஆபத்து.

பழவேற்காட்டுத் தண்ணீரின் குணம்

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் தண்ணீர் ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பு குறையும். கோடையில் உப்பு ஏறும். முகத்துவாரம் மணல் மூடினால் ஒரு மாதிரி, திறந்தால் ஒரு மாதிரி. இங்கேதான், ஞாபகம் வைக்கச் சொன்ன பெயர்கள் வருகின்றன.

காப்புத் துண்டு மூன்று உலோகங்களில் கிடைக்கிறது. ஜிங்க், முழுக் கடல் தண்ணீருக்கு. மக்னீசியம், நல்ல தண்ணீருக்கு மட்டும். உப்புத் தண்ணீரில் போட்டால் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். அலுமினியக் கலவை, கடலுக்கும் உவர்நீருக்கும் இரண்டுக்கும். அதாவது ஏரியிலும் கடலிலும் மாறி மாறி ஓடும் படகுக்கு அலுமினியத் துண்டுதான் பொருத்தம். ஜிங்க் மட்டுமல்ல, டேவி பிரித்தெடுத்த மக்னீசியமும், பிரிக்க முடியாமல் பெயர் மட்டும் வைத்த அலுமினியமும் இன்று அவர் கண்டுபிடித்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன!

உங்கள் வீட்டிலும் படகு இன்ஜினோ பழைய காரோ பைக்கோ இருக்கிறதா?

* உப்பில் ஓடிய இன்ஜினை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அவுட்போர்டு என்றால் உள்ளேயும் நல்ல தண்ணீர் ஓட வேண்டும். காய்ந்த உப்பு ஈரக்காற்று பட்டதும் மறுபடி வேலையைக் காட்டும்.

* அலுமினியப் பாகத்தை இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும். அங்கங்கே புது பேட்டரி முளைக்கும். நைலான் பிரஷ் போதும்.

* காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். அழுக்கோடு சேர்த்து அலுமினியத்தையும் தின்றுவிடும்.

* எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போன பிறகு, அலுமினியத்துக்கென்று இருக்கும் பிரைமர் அடித்து அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். பிரைமர் இல்லாமல் அடித்தால் தோல் மாதிரி உரியும்.

* மணல் அடித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தால் பேரிங் உட்காரும் இடம், ஆயில் ஓடும் துளை எல்லாவற்றையும் அடைத்துக் கொடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே மாட்டினாலும் இன்ஜின் காலி.

* ஸ்டீல் போல்ட்டை அலுமினியத்தில் முடுக்கும் முன் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுங்கள். அடுத்த முறை உடைக்காமல் கழற்றலாம்.

* முக்கியமானது இது. காப்புத் துண்டின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று பலர் அடித்துவிடுகிறார்கள். பெயின்ட் அடித்தால் அது கரையாது. அது கரையாவிட்டால் இன்ஜின் கரையும். அது பொருந்தும் இடத்திலும் பெயின்ட் இருக்கக் கூடாது. உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

பல மாதம் கடலில் ஓடியும் துண்டு புதுசு போலவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கழற்றி, அடியைச் சுரண்டிவிட்டு, மறுபடி மாட்டுங்கள்.

லண்டனில் 1825-ல் டேவியைக் கிண்டலடித்தவர்கள் பார்த்தது பாசி பிடித்த கப்பலை. செம்பு பிழைத்திருந்ததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. பழவேற்காட்டு மெக்கானிக் பட்டறைக்குப் போய் ஒரு ஜிங்க் துண்டு கேட்டுப் பாருங்கள். டேவி யாரென்று அங்கே கேட்டால் தெரியாமல் போகலாம். துண்டை எங்கே மாட்ட வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.